பனி ஹாக்கியில் முன்னணிக் கோலடி வீரர்களின் நீண்டகால ஒப்பந்தங்கள்: ஒரு வரலாற்று மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீக்கின் அணிகள், அதிகக் கோல் அடிக்கும் வீரர்களுக்குப் பெருந்தொகையிலான நீண்டகால ஒப்பந்தங்களை வழங்கிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒப்பந்தத்தின் நீளம் எல்லாக் காலத்திலும் ஒரே நோக்கத்திற்குப் பயன்படவில்லை. 1970-களில் அது போட்டி லீக்கின் படைக்கலமாகவும், 2005-க்குப் பின் ஊதிய உச்சவரம்பைச் சமாளிக்கும் கணக்கு உத்தியாகவும் இருந்தது. ஒப்பந்தம் கையெழுத்தான வேளையில் வீரரின் வயது என்ன, ஊதியம் ஆண்டுதோறும் எவ்வாறு பகிரப்பட்டது ஆகிய இரண்டுமே அதன் விளைவைப் பெரிதும் தீர்மானித்தன என்பது இக்கட்டுரையின் முடிபு.

குறிச்சொற்கள்: பனி ஹாக்கி, தேசிய ஹாக்கி லீக், தக்கவைப்பு விதி, ஊதிய உச்சவரம்பு, நீண்டகால ஒப்பந்தம், விளையாட்டுத் தொழில் வரலாறு.

முன்னுரை

தமிழில் ஹாக்கி என்னும் சொல் தரையில் பந்து கொண்டு ஆடும் ஆட்டத்தையே முதலில் நினைவூட்டும். இக்கட்டுரை எடுத்துக்கொள்வது பனித்தளத்தில் சறுக்குக் காலணி அணிந்து, ரப்பர் வட்டை மட்டையால் செலுத்தி ஆடும் பனி ஹாக்கியை ஆகும். கனடாவிலும் அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் இதன் தலைமைத் தொழில்முறை அமைப்பாக விளங்குவது 1917-இல் தோன்றிய தேசிய ஹாக்கி லீக். அதன் உயரிய பரிசு ஸ்டான்லி கோப்பை.

இவ்வாட்டத்தில் ஓர் அணிக்கு 20 பேர் களமிறங்குவர். 60 நிமிட ஆட்டத்தில் முன்னணித் தாக்குநர் ஒருவர் பனித்தளத்தில் இருப்பது ஏறத்தாழ 20 நிமிடங்களே. எனினும் கோலடிக்கும் வீரருக்கே பார்வையாளர் திரள்கின்றனர். அணியின் அடையாளமாகவும் அவரே ஆகிறார். ஆட்ட நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே களத்தில் நிற்கும் ஒருவருக்கு, அணியின் ஊதியத் தொகையில் ஆறில் ஒரு பங்கைப் பத்தாண்டுக்கு மேல் உறுதியளிப்பது தகுமா என்னும் வினா இங்கிருந்தே எழுகிறது. இவ்வினாவை இன்றைய சந்தை நிலையை மட்டும் கொண்டு விடுப்பது போதாது. யார் யாரை எத்தனை ஆண்டு கட்டி வைத்தனர் என்ற வரலாற்றின் ஊடாகவே அதற்கு விடை காண இயலும்.

ஒருபக்கக் கட்டு: 1972-க்கு முன்

1972-க்கு முந்தைய வீரர் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஓராண்டுக்கு உரியவை. ஆனால் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் தக்கவைப்பு விதி ஒன்று இடம்பெற்றது. ஆண்டு முடிந்த பின்னரும் வீரர்மீதான உரிமை அணிக்கே தொடரும் என்பது அதன் சாரம். அணி விரும்பினால் வீரரை வைத்துக்கொள்ளலாம், வேறு அணிக்கு மாற்றலாம், கீழ்நிலை லீக்குக்கு அனுப்பலாம். வீரர் தாமாக வேறு அணிக்குச் செல்ல இயலாது. அணி வீரருக்கு ஓராண்டு மட்டுமே கடமைப்பட்டிருந்தது. வீரரோ அணிக்கு ஆட்ட வாழ்நாள் முழுவதும் கட்டுப்பட்டிருந்தார்.

கோலடிக்கும் ஆற்றல் இந்நிலையிலிருந்து எவரையும் காக்கவில்லை என்பதற்கு டெட் லிண்ட்சே சான்றாவார். டெட்ராய்ட் அணியின் முன்னணித் தாக்குநரான அவர் 1956–57 பருவத்தில் 30 கோல்களும் 55 கோல் உதவிகளுமாகத் தம் வாழ்நாளின் மிகச் சிறந்த புள்ளிக் கணக்கை எட்டினார். அதே 1957-இல் வீரர் சங்கம் ஒன்றை அமைப்பதில் அவர் முன்னின்றார். அவ்வாண்டு ஜூலையிலேயே டெட்ராய்ட் அவரைச் சிகாகோ அணிக்கு மாற்றிவிட்டது. நிலைத்த வீரர் சங்கம் 1967-இல்தான் உருவாயிற்று. பின்னாளைய நீண்டகால ஒப்பந்தங்களை வெறும் ஆடம்பரமாகக் காண்போர் இப்பின்புலத்தைக் கருதுதல் வேண்டும். கட்டின் திசை மாறியதன் வெளிப்பாடே அவை.

போட்டி லீக்கும் முதல் நெடும் ஒப்பந்தங்களும்

அத்திசை மாற்றம் 1972-இல் நிகழ்ந்தது. புதிதாகத் தோன்றிய உலக ஹாக்கி சங்கம் என்னும் போட்டி லீக்கின் வினிப்பெக் அணி, சிகாகோவின் பாபி ஹல்லை ஈர்த்தது. 10 ஆண்டுகளில் 17.5 இலட்சம் டாலர் ஊதியமும், கையெழுத்திட்டவுடன் 10 இலட்சம் டாலர் ஊக்கத்தொகையும் அவருக்கு உறுதியளிக்கப்பட்டன. அப்போது அவருக்கு வயது 33. சிகாகோவுக்காக 15 பருவங்களில் 604 கோல்கள் அடித்திருந்தார். ஊக்கத்தொகையைப் புதிய லீக்கின் பிற அணிகளும் பகிர்ந்துகொண்டன என்பது குறிப்பிடத்தக்கது. வினிப்பெக் அணிக்குக் கிடைக்கும் கோல்களுக்காக மட்டும் அத்தொகை தரப்படவில்லை. ஒரு லீக்கே தனக்கு நம்பகத்தன்மையை விலைக்கு வாங்கியது எனலாம். அதே ஆண்டு நவம்பரில் பிலடெல்பியாவில் நீதிபதி ஹிக்கின்பாதம் தக்கவைப்பு விதியைப் புதிய லீக்குக்கு எதிராகப் பயன்படுத்தத் தடை விதித்தார்.

ஹல் 1974–75 பருவத்தில் 77 கோல்கள் அடித்தார். எனினும் 1978–79 பருவத்தில் அவர் ஆடியவை 4 ஆட்டங்களே. ஒப்பந்தத்தின் முற்பகுதி தன் பயனைத் தந்தது. பிற்பகுதி வயதிடம் தோற்றது. பின்வந்த பல ஒப்பந்தங்களின் போக்கை இம்முதல் ஒப்பந்தத்திலேயே காண முடிகிறது.

இரண்டாவது எடுத்துக்காட்டு வெய்ன் கிரெட்ஸ்கி. 1979 ஜனவரி 26 அன்று, தம் 18-ஆம் பிறந்தநாளில், எட்மண்டன் அணியுடன் அவர் 21 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். இரு லீக்குகளும் இணையவிருந்த சூழலில் இளம் வீரரைக் கைநழுவ விடாதிருப்பதே அணியின் நோக்கம். அவரோடு எட்மண்டன் 1984, 1985, 1987, 1988 ஆகிய ஆண்டுகளில் ஸ்டான்லி கோப்பையை வென்றது. ஒப்பந்தம் இடையில் திருத்தி எழுதப்பட்டது. 1988 ஆகஸ்ட் 9 அன்று அவர் லாஸ் ஏஞ்சலஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அந்த மாற்றத்தில் வீரர்களோடும் புதியோர் தெரிவு உரிமைகளோடும் 1.5 கோடி டாலர் ரொக்கமும் கைமாறிற்று. நீண்டகால ஒப்பந்தம் வீரரை ஊரோடு பிணைக்கும் உறுதிமொழி என்று இரசிகர் எண்ணினர். அணி உரிமையாளருக்கோ அது விற்கத்தக்க சொத்தின் மீதான உரிமைப் பத்திரமாக இருந்தது.

கடனாக மாறிய ஊதியம்

பிட்ஸ்பர்க் அணி 1991, 1992 ஆகிய இரு ஆண்டுகளிலும் கோப்பையை வென்றது. அவ்வெற்றிகளின் நாயகரான மரியோ லெமியூவுக்கு 1992-இல் 7 ஆண்டுகளுக்கு 4.2 கோடி டாலர் ஒப்பந்தம் வழங்கப்பட்டது. அதில் பெரும்பகுதி பின்னாளில் தருவதாக ஒத்திவைக்கப்பட்டது. லெமியூ 1997-இல் ஓய்வுபெற்றார். 1998-இல் அணி திவால் நிலையை அறிவித்தபோது அவருக்குத் தரவேண்டியிருந்த நிலுவை ஏறத்தாழ 3.25 கோடி டாலர். அவர் அந்நிலுவையில் ஒரு பகுதியைப் பங்குரிமையாக மாற்றிக்கொண்டு, 1999-இல் முதலீட்டாளர் குழுவொன்றின் தலைவராக அணியையே வாங்கினார்; 2000 டிசம்பரில் மீண்டும் களமிறங்கவும் செய்தார்.

இந்நிகழ்வு இரு செய்திகளை உணர்த்துகிறது. உறுதியளிக்கப்பட்ட ஊதியம் அணியின் கருவூலம் தாங்கும் அளவுக்கே உறுதியானது என்பது ஒன்று. நீண்டகால ஒப்பந்தத்தின் இடர் அணியை மட்டும் சார்ந்ததன்று, வீரரும் அதில் பங்குதாரர் என்பது மற்றொன்று.

விற்றவரும் வாங்கியவரும்

ஒட்டாவா அணியின் அலெக்ஸி யாஷின் 1998–99 பருவத்தில் 44 கோல்கள் அடித்தார். ஒப்பந்தப் பிணக்கால் அடுத்த பருவம் முழுவதும் ஆடாதிருந்து, 2000–01 பருவத்தில் 40 கோல்கள் அடித்தார். 2001-இல் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி அவரைப் பெற்று, 10 ஆண்டுகளுக்கு 8.75 கோடி டாலர் அளித்தது. அப்போது அவருக்கு வயது 27. மாற்றாக ஒட்டாவா பெற்றவை: தடுப்பாட்டக்காரர் ஸ்டெனோ சாரா, பில் முக்கால்ட், ஜேசன் ஸ்பெஸ்ஸாவைத் தேர்ந்தெடுக்க உதவிய புதியோர் தெரிவு உரிமை.

யாஷின் ஐலண்டர்ஸ் அணிக்காக முதல் பருவத்தில் 32 கோல்கள் அடித்தார். 2006–07-இல் அது 18 ஆயிற்று. 2007-இல் அணி ஈட்டுத்தொகை கொடுத்து ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. லீக் விதிப்படி எஞ்சிய ஊதியத்தில் மூன்றில் இரு பங்கை, எஞ்சிய ஆண்டுகளின் இருமடங்கு காலத்திற்குப் பகிர்ந்து தருதல் வேண்டும். எனவே ஆடாத வீரரின் சுமை 2014–15 பருவம் வரை ஐலண்டர்ஸ் கணக்கில் நீடித்தது. ஸ்பெஸ்ஸாவை உள்ளடக்கிய ஒட்டாவா அணியோ அதே 2007-இல் ஸ்டான்லி கோப்பை இறுதிப்போட்டியில் ஆடியது. பெருவீரரை இழந்தால் அணி வீழும் என்னும் அச்சம் எல்லா வேளையிலும் மெய்யாவதில்லை என்பதை இது காட்டுகிறது.

ஊதிய உச்சவரம்பும் கணக்கு உத்தியும்

2004–05 பருவம் கதவடைப்பால் முழுமையாகக் கைவிடப்பட்டது. அதன் முடிவில் உருவான கூட்டு ஒப்பந்தம் ஊதிய உச்சவரம்பை அறிமுகப்படுத்தியது. 2005–06-இல் ஓர் அணிக்கு அவ்வரம்பு 3.9 கோடி டாலர். ஒரு வீரரின் ஊதியம் வரம்பில் எவ்வளவு இடம் பெறும் என்பது அந்தந்த ஆண்டின் ரொக்கத்தைக் கொண்டன்றி, ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்த சராசரியைக் கொண்டு கணிக்கப்பட்டது. அதே கூட்டு ஒப்பந்தம், வீரர் கட்டற்றவராகும் வயதையும் 31-லிருந்து படிப்படியாக 27 ஆகக் குறைத்தது. இவ்விரு விதிகளும் சேர்ந்தே அடுத்த எட்டாண்டின் வரலாற்றை எழுதின.

சராசரியைக் குறைக்க எளிய வழி, வகுக்கும் எண்ணைப் பெருக்குவது. 2010-இல் நியூஜெர்சி அணி இலியா கோவல்ச்சுக்குடன் செய்த முதல் ஒப்பந்தம் இதன் உச்சநிலை. 17 ஆண்டுகள், 10.2 கோடி டாலர். இதில் முதல் 11 ஆண்டுகளுக்கு 9.85 கோடி, இறுதி 6 ஆண்டுகளுக்கு மொத்தமே 35 இலட்சம். அப்போது 27 வயதினரான அவருக்கு ஒப்பந்தம் முடியும்போது 44 வயதாகியிருக்கும். முதல் 11 ஆண்டுகளை மட்டும் கொண்டால் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 90 இலட்சம். இறுதி ஆண்டுகளைச் சேர்த்ததால் அது 60 இலட்சமாகக் குறைந்தது. அவ்விறுதி ஆண்டுகள் ஆடுவதற்காக எழுதப்பட்டவையல்ல, வகுப்பதற்காக எழுதப்பட்டவை.

லீக் இவ்வொப்பந்தத்தை ஏற்க மறுத்தது. நடுத்தீர்ப்பாளர் ரிச்சர்ட் ப்ளாக் ஆகஸ்டில் லீக்கின் நிலைப்பாட்டை உறுதிசெய்தார். பின்னர் 15 ஆண்டுகளுக்கு 10 கோடி டாலர் என்னும் ஒப்பந்தம் ஏற்கப்பட்டது; எனினும் அணிக்கு 30 இலட்சம் டாலர் தண்டமும் தெரிவு உரிமை இழப்பும் விதிக்கப்பட்டன. 2014-இல் இத்தண்டனை தளர்த்தப்பட்டது. கோவல்ச்சுக் 2011–12 பருவத்தில் 37 கோல்கள் அடித்தார். அணியும் இறுதிப்போட்டியை எட்டியது. ஆனால் 2013 ஜூலையில், 12 ஆண்டுகளும் 7.7 கோடி டாலரும் எஞ்சியிருக்க, அவர் லீக்கிலிருந்து ஓய்வு அறிவித்து ரஷ்யாவுக்குத் திரும்பினார். நீண்டகாலம் என்பது அணியைக் கட்டிய அளவுக்கு வீரரைக் கட்டவில்லை.

2013-ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தம் இவ்வாயிலை அடைத்தது. சொந்த வீரருக்கு 8 ஆண்டுகள், பிற அணியிலிருந்து வருவோருக்கு 7 ஆண்டுகள் என உச்ச எல்லை வகுக்கப்பட்டது. ஆண்டுக்காண்டு ஊதிய ஏற்ற இறக்கத்திற்கும் அளவு விதிக்கப்பட்டது. முன்னர் எழுதப்பட்ட நெடும் ஒப்பந்தங்களின் வீரர் இடையில் ஓய்வுபெற்றால், அணி அனுபவித்த வரம்புச் சலுகை திரும்பக் கணக்கிடப்படும் விதியும் சேர்க்கப்பட்டது. கோவல்ச்சுக்கின் பெயரில் நியூஜெர்சிக்கு ஆண்டுக்கு 2.5 இலட்சம் டாலர் வரம்புச் சுமை 2024–25 வரை நீடித்தது.

நேர்மையான நீளம்: ஓவெச்கின்

இதே காலத்தில் எழுதப்பட்ட மற்றொரு நெடும் ஒப்பந்தம் வேறு விளைவைத் தந்தது. 2008 ஜனவரியில் வாஷிங்டன் அணி, 22 வயதினரான அலெக்சாண்டர் ஓவெச்கினுக்கு 13 ஆண்டுகளுக்கு 12.4 கோடி டாலர் அளித்தது. முதல் 6 ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 90 இலட்சம். அடுத்த 7 ஆண்டுகளுக்கு 1 கோடி. ஊதியம் இறுதியில் குறையவில்லை, சற்றே உயர்ந்தது. சராசரியைக் குறைக்கும் வெற்று ஆண்டுகள் இதில் இல்லை. ஒப்பந்தம் முடிந்தபோது அவருக்கு வயது 35.

2008–09-இல் உச்சவரம்பு 5.67 கோடி, ஓவெச்கினின் சராசரியான 95.4 இலட்சம் அதில் ஏறத்தாழ 16.8 விழுக்காடு. 2020–21-இல் வரம்பு 8.15 கோடியாக உயர, அதே தொகை 11.7 விழுக்காடாகச் சுருங்கியது. அப்பதின்மூன்று பருவங்களில் அவர் 567 கோல்கள் அடித்தார். 2018-இல் வாஷிங்டன் தன் முதல் ஸ்டான்லி கோப்பையை வென்றது. தொடர்ந்து செய்துகொண்ட ஐந்தாண்டு ஒப்பந்தக் காலத்தில், 2025 ஏப்ரல் 6 அன்று, கிரெட்ஸ்கியின் 894 கோல் என்னும் சாதனையை அவர் கடந்தார்.

பிட்ஸ்பர்க்கின் சிட்னி க்ராஸ்பி 2012-இல் 24 வயதில் கையெழுத்திட்ட 12 ஆண்டு, 10.44 கோடி டாலர் ஒப்பந்தமும் இவ்வகையினதே. அது நடப்பிலிருந்தபோது அணி 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் கோப்பையை வென்றது.

இருபத்தேழாம் வயதின் விலை

2012 ஜூலை 4 அன்று மினசோட்டா அணி, தாக்குநர் ஸாக் பரீசே, தடுப்பாட்டக்காரர் ரயான் சூட்டர் ஆகிய இருவருக்கும் தலா 13 ஆண்டுகளுக்கு 9.8 கோடி டாலர் அளித்தது. அப்போது பரீசேக்கு வயது 27. முன்னர் 2008–09-இல் 45 கோல்கள் அடித்திருந்த அவர், மினசோட்டாவில் ஒரு பருவத்தில் அடித்த மிகுதியான கோல்கள் 33. இருவரும் ஆடிய காலத்தில் அணி இரண்டாம் சுற்றைக் கடக்கவில்லை. பெருந்தொற்றின் விளைவாக வரம்பு 8.15 கோடியிலேயே தேங்கியிருந்த 2021-இல் இரு ஒப்பந்தங்களும் முறிக்கப்பட்டன. அப்போது ஒருவருக்கு எஞ்சியிருந்த ரொக்க ஊதியம் 1 கோடி டாலரே. ஆயினும் 2023–24-இல் இருவர் பெயரிலும் வீணான வரம்பு இடம் ஏறத்தாழ 1.47 கோடி, மொத்த வரம்பான 8.35 கோடியில் அது ஆறில் ஒரு பங்குக்கும் மேல். முன்பு பெற்ற கணக்குச் சலுகை, பின்பு வட்டியோடு திரும்பக் கேட்கப்பட்டது எனலாம்.

பஃபலோ அணியின் ஜெஃப் ஸ்கின்னர் 2018–19-இல் 40 கோல்கள் அடித்த உடனே, 27 வயதில், 8 ஆண்டுகளுக்கு 7.2 கோடி டாலர் பெற்றார். அடுத்த இரு பருவங்களில் அவர் அடித்தவை 14, 7. பின்னர் 33, 35 என மீண்டாலும், 24 கோல்கள் அடித்த 2023–24-க்குப் பின் ஒப்பந்தம் முறிக்கப்பட்டது.

யாஷின், கோவல்ச்சுக், பரீசே, ஸ்கின்னர் ஆகிய நால்வரும் கையெழுத்திட்ட வயது 27 என்பது ஈண்டு நோக்கத்தக்கது. கோலடிக்கும் ஆற்றல் பொதுவாக இருபதுகளின் நடுவில் உச்சம் எட்டிப் பின் மெல்லத் தாழ்கிறது. 2005-க்குப் பிந்தைய விதிகளோ சந்தையை அவ்வுச்சம் கடக்கும் வேளையில் திறந்துவிடுகின்றன. ஆகவே கட்டற்ற வீரருக்குப் போட்டியிடும் அணி, பெரும்பாலும் முந்தைய அணிக்காக அடிக்கப்பட்ட கோல்களுக்கு விலை தருகிறது.

இதற்கு மாறான சான்றையும் கருதுதல் முறை. மரியன் ஹோஸா 2009-இல் 30 வயதில் சிகாகோவுடன் 12 ஆண்டு ஒப்பந்தம் செய்தார். அணி 2010, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் கோப்பையை வென்றது. எனினும் அவர் புகழ் கோலடிப்பதோடு எதிரணியிடமிருந்து வட்டைப் பறிக்கும் தற்காப்புத் திறனையும் சார்ந்தது. உடல்நலக் குறைவால் 2017-க்குப் பின் அவர் ஆடவில்லை. 2018-இல் அவ்வொப்பந்தம் அரிசோனா அணியிடம் ஒப்படைக்கப்பட்டது. வெற்றிபெற்ற ஒப்பந்தத்திலும் இறுதி ஆண்டுகளின் சுமை மறையவில்லை. வேறோர் அணிக்கு இடம்பெயர்ந்தது.

மதிப்பீடு

மேற்கண்ட சான்றுகள் எண்ணிக்கையில் சிலவே. அவற்றைக் கொண்டு பொது விதி வகுத்தல் இயலாது. ஆயினும் மூன்று வேறுபாடுகள் தெளிவாகின்றன. முதலாவது, இளமையில் சொந்த அணியோடு செய்யப்படும் நெடும் ஒப்பந்தம் வருங்கால உச்சத்தை உள்ளடக்குகிறது. இருபதுகளின் இறுதியில் பிற அணி வழங்குவது இறங்குமுகத்தை உள்ளடக்குகிறது. இரண்டாவது, உண்மையில் ஆடப்படும் ஆண்டுகளுக்கு ஊதியம் எழுதப்படும்போது நீளம் உறுதியாகிறது. சராசரிக்காக ஆண்டுகள் சேர்க்கப்படும்போது அது கடனாகிறது. மூன்றாவது, வரம்பு உயர்ந்துகொண்டே செல்லும் என்னும் எதிர்பார்ப்பு வாஷிங்டனுக்குத் துணைநின்றது, மினசோட்டாவைக் கைவிட்டது.

வீரரின் கோணம் வேறு. உடலை மூலதனமாகக் கொண்ட தொழிலில் காயமும் முதுமையும் அவருக்குத் தவிர்க்க இயலாதவை. நீண்டகால உறுதி அவ்விடரை அணியின் தோளுக்கு மாற்றுகிறது. லிண்ட்சேயின் தலைமுறைக்குக் கிட்டாத இப்பாதுகாப்பை, அணிகளின் கணக்குப் பிழைகளை மட்டும் சுட்டி மறுத்தல் நேர்மையன்று. கால எல்லைகளின் சுருக்கம் அணிகளை அவற்றின் சொந்த மிகையார்வத்திலிருந்து காக்கிறது. அதே வேளை இடரின் ஒரு பகுதியை மீண்டும் வீரரிடமே தருகிறது.

முடிவுரை

நீண்டகால ஒப்பந்தம் வழங்கலாமா என்னும் வினாவுக்கு வரலாறு தரும் விடை, வீரரின் கோல் எண்ணிக்கையைக் காட்டிலும் அவர் வயதையும் ஊதியப் பகிர்வையும் சார்ந்தது. தான் வளர்த்த இளம் வீரருக்கு, அவர் ஆடவிருக்கும் ஆண்டுகளுக்கு உரிய விலையைச் சீராகப் பகிர்ந்து அளிக்கும் அணி பெரும்பாலும் ஏமாறுவதில்லை. பிற அணிக்காக அடிக்கப்பட்ட கோல்களைக் கண்டு, உச்சம் கடந்த ஆண்டுகளை வாங்கும் அணி ஏமாறுகிறது.

2025 செப்டம்பரில் மினசோட்டா அணி, 28 வயதினரான கிரில் கப்ரிசோவுக்கு 8 ஆண்டுகளுக்கு 13.6 கோடி டாலர் அளித்தது. ஆண்டுச் சராசரியில் அது லீக் வரலாற்றிலேயே மிகப் பெரிது. பரீசே ஒப்பந்தத்தின் சுமையை இன்னும் முழுமையாக இறக்கி வைக்காத அணியே இதையும் செய்துள்ளது. இம்முறை அது காப்பது தன் சொந்த வீரரை. ஆனால் வயதோ உச்சத்தின் விளிம்பு. 2026 செப்டம்பரில் நடப்புக்கு வரும் புதிய கூட்டு ஒப்பந்தம் கால எல்லையைச் சொந்த வீரருக்கு 7, பிறருக்கு 6 ஆண்டுகளெனக் குறைக்கிறது. இக்கட்டுரையின் முடிபுகளைச் சோதித்தறிய இவ்வொப்பந்தமும் இவ்விதியும் வருங்கால ஆய்வாளருக்குத் துணைநிற்கும்.